கையெழுத்து 18 ஆயிரத்துக்கு, கையில் 11 ஆயிரம்

காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்திலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், நிறுவனம் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அப்படியே செய்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவர் ஒன்பதாம் வகுப்பில் தோற்றுப் பள்ளியை விட்டு நின்றவர். அவர் தெருவில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் மாலை வகுப்பு. அங்கே பாடம் எடுத்த அக்கா வீட்டுக்கே வந்து, அப்பாவோடு மல்லுக்கட்டி, இவரைத் திரும்பவும் பள்ளியில் சேர்த்திருக்கிறார். பிறகு பன்னிரண்டாவது, பி.ஏ. கல்லூரியின் முதல் வருடக் கட்டணத்தையும் அந்தச் சங்கமே கட்டியது. "வகுப்பறைச் சுவரில் ஓர் ஆணியில் நாற்பது பக்க நோட்டு தொங்கும். வந்த காசு, போன காசு எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் 3 லிட்டர், சாக்பீஸ் 1 டப்பா, சுண்டல் 2 கிலோ, கையிருப்பு ரூ. 4.50 என்று அக்கா எழுதியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது" என்கிறார்.

அந்த நன்றி மனதில் இருந்ததால், பக்கத்து ஊரில் குழந்தைகள் இல்லம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை என்றதும் சந்தோஷமாகச் சேர்ந்திருக்கிறார். ஆறு வருடம் ஒருங்கிணைப்பாளர் வேலை. சம்பளம் 18,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் விழும். விழுந்த அன்றைக்கே ஏடிஎம்மில் 7,000 எடுத்து, பழுப்புக் கவரில் போட்டு, செயலாளர் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துவிட வேண்டும். "சேவை மனப்பான்மைக்கு நன்கொடை" என்று அதற்குப் பெயர். முதல் வருடம் ரசீது கொடுத்தார்கள், அப்புறம் அதுவும் இல்லை. இல்லத்தில் 38 குழந்தைகள், பதிவேட்டில் 52 பேர். வீட்டுக்குப் போய்விட்ட 14 குழந்தைகளின் வருகையை இவர் கையாலேயே எழுத வைத்திருக்கிறார்கள். புது அறை கட்டுவதாகச் சொன்னதை நம்பி 11 உறவினர்களிடம் 1,40,000 ரூபாய் வசூலித்துக் கொடுத்திருக்கிறார். அறை வரவில்லை. 60,000 ரூபாய்க்கு மட்டுமே ரசீது வந்தது. மூன்று வருடத்துக்கு முன் "ஒரு கையெழுத்துதானே" என்று ஒரு படிவத்தில் வாங்கிக்கொண்டார்கள். தன்னைச் செயற்குழு உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்திருக்கிறது.

கடைசியில் ஒரு சம்பவம். சமையலறையில் பாத்திரம் தேய்க்க மறுத்த 12 வயதுப் பையனை இரவு முழுக்க வராந்தாவில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். காலையில் இவர் போனபோது பையனின் முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்திருக்கின்றன. கேட்டதற்கு, "பிடிக்கவில்லை என்றால் நின்றுகொள்" என்றார்களாம். நின்றுவிட்டார். ஐந்து மாதமாகிறது. பட்டச் சான்றிதழின் அசல் இன்னும் அவர்கள் பீரோவில்.

அவர் கேட்பவை: நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, நானும் குற்றவாளியா? புகார் செய்தால் அந்த 38 குழந்தைகளும் தெருவுக்கு வந்துவிட மாட்டார்களா? என் சம்பளப் பணம் திரும்பக் கிடைக்குமா? உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது, வளையலை அடகு வைத்துக் கொடுத்துவிடட்டுமா? கணவர் "இந்தத் தொண்டு நிறுவனங்கள் எல்லாமே கொள்ளைக் கூட்டம்" என்கிறார், அது உண்மைதானா?

சகோதரி, வளையலை அடகு வைக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் கடிதத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உங்கள் பணம், உங்கள் பயம், குழந்தைகள், உறவினர், அந்தச் செயலாளர் மீதுள்ள கோபம். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கொட்டினால், எந்த அதிகாரி கையில் எடுத்தாலும் "சம்பளத் தகராறில் வெளியே போனவர் பழிவாங்குகிறார்" என்று ஓரமாக வைத்துவிடுவார். முப்பது வருட வக்கீல் வாழ்க்கையில் இப்படி வீணாய்ப்போன நல்ல புகார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே பிரிப்போம். யாரிடம் எதைச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் குழந்தைகள்

அந்தப் பையனின் முட்டி ஐந்து மாதமாகக் காத்திருக்கிறது. இனிக் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு இன்றே பேசலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். அதோடு உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத்திலும் ஒரு மனு கொடுங்கள். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட குழு அது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று காட்டுவார்கள். நலக் குழு எந்தெந்த நாளில் கூடுகிறது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

மனுவில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எந்தத் தேதி, காலை எத்தனை மணிக்குப் போனீர்கள், பையன் எங்கே இருந்தான், முட்டி எப்படி இருந்தது, யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. "இதுபோல் அடிக்கடி நடக்கும்" என்று எழுதாதீர்கள். அடிக்கடி நடந்திருந்தால், நீங்கள் கண்ணால் பார்த்த அடுத்த சம்பவத்தையும் தேதியோடு எழுதுங்கள். சம்பளம் பற்றி இந்த மனுவில் ஒரு வரிகூட வேண்டாம்.

இது "கொஞ்சம் கண்டிப்பு" என்று கடந்துபோகிற விஷயமில்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 75-வது பிரிவின்படி, குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தை நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ கொடுமை செய்தால் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இல்லங்களில் உடல்ரீதியான தண்டனை கொடுப்பதே 82-வது பிரிவின் கீழ் தனிக் குற்றம். பாலியல் தொந்தரவு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அப்படி ஒரு சந்தேகம் மனதில் எங்காவது இருந்தாலும் உடனே காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

குழந்தைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் பல இல்லங்கள் தங்கள் ஊழியர்களின் வாயை அடைத்து வைத்திருக்கின்றன. ஆனால் சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பிரிவின் கீழ் பதிவை ரத்து செய்தாலும் நிறுத்தி வைத்தாலும், மறுபடி பதிவு கிடைக்கும்வரை இல்லத்தை நடத்தும் பொறுப்பு அரசுக்கு. குழந்தைகளை வேறு இல்லத்துக்கு மாற்றுவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை நலக் குழு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறார், அல்லது பாட்டி இருக்கிறார், வறுமையால் கொண்டுவந்து விட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட குழந்தை குடும்பத்தோடு இருந்தே படிக்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தகுதி பார்த்துக் கொடுப்பார்கள், எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் அந்த அம்மாக்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்? உங்களுக்கு அவர்கள் வீடு தெரியும். இந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு உங்களுக்கு எந்தப் பதவியும் தேவையில்லை.

இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, எதுவரை செல்லும், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்தப் பாதுகாப்பு அலகிடமே கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பதிவேட்டை செல்போனில் படம் எடுத்து வைத்திருப்பதாகவும், முகநூலில் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் குழந்தைகளின் பெயர் இருக்கிறது. இல்லத்துக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின் கீழ் குற்றம். உங்களுக்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ வரலாம். அவதூறு வழக்கு அது தனி. படங்களை அழிக்காமல், யாருக்கும் அனுப்பாமல் அப்படியே வைத்திருங்கள். விசாரணை அதிகாரி கேட்கும்போது கொடுக்கலாம்.

உங்கள் கையெழுத்து

இதில் உங்களுக்கு இனிப்பாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. இல்லாத 14 குழந்தைகளுக்கு வருகை எழுதியது சின்ன விஷயமில்லை. அந்தத் தலைக்கணக்கை வைத்து யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால், அது பொய்க் கணக்கு, ஏமாற்று என்ற குற்றங்களுக்குள் போகும். "சொன்னார்கள், செய்தேன்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், பொறுப்பை முழுசாகத் துடைக்காது.

அதே சமயம், நீங்கள் நினைப்பதுபோல் எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. நீங்கள் பலனடையவில்லை. இன்னும் சொன்னால், உங்கள் சம்பளத்திலேயே கை வைத்திருக்கிறார்கள். யாரும் வந்து பிடிக்கும் முன்னால் நீங்களாகவே வந்து சொல்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் உங்களைச் சாட்சியாகப் பார்க்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அது தானாக நடந்துவிடாது. பதிவேடு பற்றி எங்கேயும் எழுத்தில் கொடுப்பதற்கு முன், குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலை நேரில் பார்த்துவிடுங்கள். ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் பெற உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள். பையனைப் பற்றிய மனுவுக்கு இதற்காகக் காத்திருக்காதீர்கள். அது நாளைக்கே போகட்டும்.

அடுத்தது செயற்குழுக் கதை. உங்கள் கடிதத்தில் "டிரஸ்ட்" என்றும் "சங்கம்" என்றும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுதான், சட்டத்தில் வேறு வேறு. அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்திருப்பார்கள். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கத் தனி அறநிலைய ஆணையர் இங்கே இல்லை. அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவில் வழக்குப் போட வேண்டும். நீண்ட வழி அது. நீங்கள் அனுப்பிய ரசீதில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் 1975-ம் ஆண்டுச் சட்டம் என்று அச்சிட்டிருக்கிறது. ஆகவே இது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம். இது உங்களுக்கு நல்லதுதான். வருடா வருடம் கணக்கும், செயற்குழு மாறினால் படிவம் 7-ம் மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டது பெரும்பாலும் அந்தப் படிவத்தில்தான் இருக்கும்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்தப் படிவத்துக்கும், கடைசி மூன்று வருட வரவுசெலவுக்கும், உறுப்பினர் பட்டியலுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். உறுப்பினர் பட்டியல் ஏன் தெரியுமா? சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். இப்படிப்பட்ட சங்கங்களில் எட்டொன்பது பேருக்கு மேல் உறுப்பினர் இருக்க மாட்டார்கள். செயலாளரின் மச்சான், சித்தி, டிரைவர் என்று போகும். ஒன்பது பேர் என்றால் மூன்று கையெழுத்து போதும். உங்களைப் போலவே தெரியாமல் பெயர் சேர்க்கப்பட்ட ஊழியர் இன்னும் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆள் சேராவிட்டாலும், ஆவணத்தோடு நீங்கள் ஒருவரே மனுக் கொடுக்கலாம். பதிவாளர் தாமாகவே விசாரணை எடுக்கவும், ஆட்சியர் சொல்லி எடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

பெயர் இருப்பது உறுதியானதும் ராஜினாமா எழுதுங்கள். செயலாளருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு ஒன்று, பதிவாளருக்கு நகல் ஒன்று. கடந்த மூன்று வருடத்தில் எந்தச் செயற்குழுக் கூட்டத்துக்கும் அழைப்பு வரவில்லை, எந்தக் கணக்கையும் பார்த்து ஒப்புதல் தரவில்லை என்பது உண்மையானால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். 36-வது பிரிவு மனுவில் கையெழுத்துப் போட்ட பிறகே ராஜினாமாவை அனுப்புங்கள். முந்திக்கொண்டால் உறுப்பினர் என்ற தகுதியும் கைநழுவிப் போகலாம்.

சம்பளம்

ஆறு வருடத்தில் 72 மாதம், மாதம் 7,000 என்று பார்த்தால் 5,04,000 ரூபாய். இந்தத் தொகையை எழுதி அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறீர்கள். முழுவதும் கிடைக்கும் என்று நான் சொன்னால் பொய். பண வசூலுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் காலக்கெடு, அதாவது வேலையை விட்ட அன்றைக்கு அதிகபட்சம் 2,52,000; ஐந்து மாதம் போய்விட்டதால் இன்று சுமார் 2,17,000. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அதில் 7,000 கழிந்துகொண்டே போகும்.

"ஆதாரமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. உங்கள் வங்கி ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். 18,000 வரவு, அதே நாளில் 7,000 ஏடிஎம், மாதம் தவறாமல். இன்னும் இரண்டு ஊழியர்களின் ஸ்டேட்மென்டிலும் அதே நாளில் ஏறத்தாழ அதே விகிதத்தில் பணம் வெளியே போயிருந்தால், அதை விருப்ப நன்கொடை என்று யாரும் நம்பவைக்க முடியாது. முதல் வருடம் கொடுத்த ரசீதுகளையும் கிழித்துப் போடாதீர்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை, சம்பள நாளிலேயே தேதி. அவர்கள் கையால் எழுதிய சாட்சியம் அது.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உண்டு. தொண்டு நிறுவனம் என்பதால் கிடையாது என்று உங்கள் செயலாளர் சொன்னது தவறு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 18,000 அப்படியே அடிப்படைச் சம்பளம் என்றால் 62,300 ரூபாய் சுமாருக்கு வரும். பதிவேட்டில் படிகள் என்று பிரித்துக் காட்டியிருந்தால் குறையும். "உண்மையில் 11,000தானே கொடுத்தோம்" என்று அவர்கள் இங்கே வாதாட முடியாது. அப்படிச் சொன்னால் மற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வேலையை விட்டு 30 நாள் தாண்டிவிட்டது என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது.

திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லித் தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டால், நான் தயங்குவேன். தொண்டு நிறுவனம் "தொழில்" என்ற வரையறைக்குள் வருமா என்பது 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து ஓயாத வாதம். புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ தொண்டு நிறுவனங்களை அந்த வரையறைக்கு வெளியே வைக்கிறது. உங்களுக்கும் அங்கே திரும்பிப் போக விருப்பமில்லை என்றுதான் கடிதம் சொல்கிறது.

பட்டச் சான்றிதழை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் சட்டப்படி உரிமை கிடையாது. ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் கூரியரில் வந்துவிடும்.

உறவினர் கொடுத்த பணம்

இப்போது வளையலுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது கடன் இல்லை. ஒரு காரியத்துக்காக வாங்கி, அந்தக் காரியத்துக்கென்றே சங்கத்திடம் கொடுத்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சங்கம். நீங்கள் உங்கள் கைப்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், "அவளே எடுத்திருக்கிறாள், அதனால்தான் திருப்பித் தருகிறாள்" என்று அந்தச் செயலாளரே நாளை சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியது பணம் கைமாறியதை நிரூபிப்பது. எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், "கிடைத்தது" என்று அவர் வாட்ஸ்அப்பில் போட்ட பதில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். அதன் நகலை 11 பேருக்கும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் "அறை கட்டக் கொடுத்த தொகைக்கு ரசீதும் செலவுக் கணக்கும் தருக" என்று சங்கத்துக்குக் கடிதம் போடட்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு வழியில் சாப்பிட்டிருந்தால், அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் நம்பிக்கை மோசடியாகலாம். பதிலே வராவிட்டால் அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து காவல் துறைக்குப் போகலாம். பணம் திரும்புமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவுதான். இதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"80ஜி இருக்கிறது, அரசாங்கமே அங்கீகரித்த நிறுவனம்" என்று சொல்லித்தான் வசூலித்தீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு இந்தத் தவறான எண்ணம் இருக்கிறது. 80ஜி என்பது நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்க வழி செய்யும் ஒரு பதிவு, அவ்வளவுதான். குழந்தைக்குச் சோறு போடுகிறார்களா என்று வருமான வரித் துறை வந்து பார்த்ததாக அர்த்தம் இல்லை. நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண்ணும் அதேபோலத்தான், ஒரு பட்டியலில் இடம். அந்த வரிக் கழிவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. முறையான நிறுவனம் என்றால், வருடம் முடிந்ததும் உங்கள் பான் எண்ணோடு படிவம் 10பிஈ என்ற சான்றிதழ் தர வேண்டும். உங்கள் சித்தப்பா ஆடிட்டரிடம் கேட்டும் அது கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் கொடுத்த 25,000 அந்த நிறுவனத்தின் கணக்குக்கே போயிருக்காது என்பது என் ஊகம். இந்த ஊகத்தை மனுவில் எழுதாதீர்கள். சான்றிதழ் வரவில்லை என்ற உண்மையை மட்டும் எழுதுங்கள்.

சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, கம்பெனியின் சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்பு நிதியா, வெளிநாட்டு நிதியா என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் உங்களுக்கு 18,000 கொடுப்பதாக எண்ணித்தான் நிதி கொடுத்தவர்கள் அனுப்பியிருப்பார்கள். அவர்களுக்கு எழுதும் ஒரு கடிதம் பதிவாளர் விசாரணையைவிட வேகமாக வேலை செய்யும். நிதி அன்றைக்கே நிற்கவும் கூடும். அதனால்தான் சொல்கிறேன், நலக் குழு அந்த 38 குழந்தைகளையும் கையில் எடுத்த பிறகே அந்தக் கடிதம் போகட்டும். நின்றுபோகும் நிதியில் அவர்களின் சாப்பாடும் இருக்கிறது.

உங்கள் கணவர் கேட்டது

அவர் கோபம் நியாயமானது. ஆறு வருடம் உங்கள் வீட்டுப் பணம் போயிருக்கிறது. ஆனால் எல்லாமே கொள்ளைக் கூட்டம் என்பதை நான் ஏற்க மாட்டேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சட்ட உதவி வேலையாகச் சில மாதம் இருந்தேன். லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணி சாலையோரம் அழுகிக் கிடந்ததையும் பார்த்தேன், போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாளே காணாமல் போனவர்களையும் பார்த்தேன். அதே கடற்கரையில், கேமரா எல்லாம் போன பிறகும் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுத்த சின்னச் சின்னச் சங்கங்களும் இருந்தன. சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் எழுந்ததே ஒரு பெண்கள் சங்கத்தின் முயற்சியால்தான், முத்துலட்சுமி ரெட்டி ஓடியோடி நிதி திரட்டியதால்தான். உங்கள் கணவரிடம் இதையெல்லாம் சொல்லக்கூட வேண்டாம். அவர் மனைவி பி.ஏ. படித்தது யார் பணத்தில் என்று மட்டும் கேளுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், மாலை வகுப்பு அக்கா இன்னும் அதே தெருவில் இருப்பதாகவும், 74 வயதாகிவிட்டது என்றும், "அவரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போங்கள். இத்தனை வருடம் நாலரை ரூபாய் கையிருப்புக்கும் கணக்கு எழுதியவர் அவர். உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் 72 மாதத்தையும் வரி வரியாகப் பார்த்து, 18,000-க்கு ஒரு குறியும் 7,000-க்கு ஒரு குறியும் போட வேண்டிய வேலை இருக்கிறது. ஒருவர் படிக்க, ஒருவர் குறிக்க, இரண்டு பேர் வேண்டும். போகும்போது பென்சில் எடுத்துப்போங்கள், அசலில் பேனா படக்கூடாது.